அலமாரிக்குள் ஒளிந்த கேஸ் மீட்டர்: மாற்றுவதா, நகர்த்துவதா, விட்டுத் தொலைப்பதா?

எங்கள் வீட்டு கேஸ் மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் துவரம்பருப்பு டப்பாவை வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் அரிசி வாளி, இட்லிக் கொப்பரை, கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத இரண்டு ஹாட்பாக்ஸ். பிறகு தரையில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஃபோனை நுழைத்துப் படமெடுக்க வேண்டும். ஐந்து படங்களில் மூன்றில் என் கட்டைவிரல்தான் விழும்.

வீடு ஜோகன்னஸ்பர்க் பிரிக்ஸ்டனில் இருக்கிறது. 1930-களில் கட்டியது. நடந்தால் தம் தம்மென்று ஒலிக்கும் பலகைத் தரை, பூவேலை அச்சடித்த தகடு போட்ட கூரை. 2019-இல் வாங்கினோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் சமையலறையை அழகாகப் புதுப்பித்திருந்தார். அதில் மயங்கித்தான் வாங்கினோம் என்றுகூடச் சொல்லலாம். அந்த வேலையில் மீட்டர் இருந்த மூலையை மறைத்து, தரையிலிருந்து கூரைவரை ஒரு மளிகை அலமாரியை அடித்துவிட்டார். மீட்டர் ஒன்று இருப்பதே குடிவந்து பல மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் எல்லா வீட்டிலும் குழாய் கேஸ் கிடையாது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு, இல்லையென்றால் சிலிண்டர். ஜோபர்க்கின் பழைய பகுதிகள் சிலவற்றில் மட்டும் தெருவுக்கடியில் குழாயில் கேஸ் வருகிறது. காரணம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காட்டஸ்லோவில் இருக்கும் பழைய கேஸ் ஆலை. 1920-களின் கடைசியில் கட்டி, 1992 வரை அங்கே நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஆலை மூடினாலும் குழாய்கள் நின்றன. 2004-லிருந்து மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் குழாயில், சாசோல் நிறுவனத்தின் ஆலை இருக்கும் செகுண்டா ஊருக்கு இயற்கை எரிவாயு வருகிறது. என் தோசைக்கல்லுக்குக் கீழே எரிவது அந்த வழியில் வந்ததுதான்.

சரி, மீட்டருக்கு வருவோம். நான் கணக்காளர். ஊரார் கணக்கையெல்லாம் துருவிப் பார்க்கிறவள், என் வீட்டு கேஸ் பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன எழுத்தை ஐந்து வருடம் கவனிக்கவில்லை. மீட்டரைப் பார்க்காமல் போட்ட மதிப்பீடு என்று அதற்கு அர்த்தம். மாதம் 2.4 கிகாஜூல் (கேஸ் பில்லில் போடும் ஆற்றல் அளவு) என்று வந்துகொண்டே இருந்தது. முன்னால் இருந்தவர் வீட்டில் கீசரும் ஹீட்டரும் கேஸில் ஓடின. எங்களிடம் ஓடுவது நாலு பர்னர் அடுப்பு ஒன்றுதான். அவர் குளித்த வெந்நீருக்கு நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம்.

ரீடிங் எடுக்க ஆள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருப்பார்கள். இந்த ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதற்கு மேல் மின்வேலி, பூட்டிய கேட், உள்ளே நாய். பகலில் நாங்கள் இருவரும் வேலையில். அவர்கள் மணியடித்துவிட்டுப் போவதில் எனக்குப் பெரிய கோபமில்லை. உள்ளே வந்திருந்தாலும் பருப்பு டப்பாவை நகர்த்தியிருக்கப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சோதித்தேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், மீட்டரைத் தொடவே வேண்டாம். முதலில் எல்லா பர்னரையும் அணைத்துவிட்டு மீட்டரைப் படமெடுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு படம். கடைசிச் சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு. அது வேறு விஷயம், உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். நகரவில்லையென்றால் அடுத்த கட்டம்: பெரிய பர்னரை முழுத்தீயில் ஒரு மணி நேரம் எரியவிட்டு மறுபடி படம். நான் பாயசத்துக்குப் பால் காய்ச்சினேன், நேரம் வீணாகவில்லை. பெரிய பர்னரின் திறன் சாதாரணமாக 3 கிலோவாட் அளவில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஜோபர்க் மீட்டரில் ஏறக்குறைய 0.3 கன மீட்டர் ஓட வேண்டும்.

ஜோபர்க் மீட்டர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, வாயுவும் விரிந்தே இருக்கும். டர்பனில் ஒரு கன மீட்டருக்குள் அடங்கும் கேஸில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே அதே கன மீட்டருக்குள் இருக்கும். அதனால்தான் மீட்டர் காட்டும் கன மீட்டரை அழுத்தத் திருத்தத்தால் பெருக்கி, அப்புறம் வெப்ப மதிப்பால் பெருக்கி கிகாஜூலாக்க வேண்டியிருக்கிறது. பில் தப்பாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகும் முன் இந்தப் பெருக்கலைச் சரிபாருங்கள். நான் முதலில் சரிபார்க்காமல் பேசி, போனில் ஒரு சின்னப் பையனிடம் பாடம் கற்றுக்கொண்டேன்.

என் மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஓடியது தெரியுமா? ஒன்றுமில்லை. பால் பொங்குகிறது, எண் அசையவில்லை.

வீட்டு கேஸ் மீட்டருக்குள் இருப்பது எளிய பொறி. இரண்டு துருத்திகள் மாறி மாறி நிரம்பிக் காலியாகும். அந்த ஆட்டம் ஒரு தண்டைச் சுழற்றும், தண்டு எண்களைத் தள்ளும். துருத்தியின் தோல் கிழிந்தாலோ, தண்டுக்கும் எண் சக்கரத்துக்கும் நடுவே ஏதாவது தேய்ந்து நழுவினாலோ கேஸ் பாட்டுக்குப் போகும், எண் நிற்கும். நிலக்கரி வாயு ஈரப்பதம் உள்ளது, இயற்கை எரிவாயு உலர்ந்தது. அந்தக் காலத்துத் தோல் துருத்தி மீட்டர்களுக்கு இந்த உலர்ந்த வாயு ஆகாது. தோல் காய்ந்து இறுகும். எங்களுடையதில் எது போனது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நின்றுபோனது என்பது மட்டும் நிச்சயம்.

வேடிக்கை என்னவென்றால், மீட்டர் நின்றால் வீட்டுக்காரருக்கு லாபம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மதிப்பீட்டு பில் வரும் வீட்டில் அது தலைகீழ். நாங்கள் குறைவாகச் செலவழிக்கிறோம் என்று சாட்சி சொல்ல வேண்டியது மீட்டர் ஒன்றுதான். அதுவோ ஊமையாகிவிட்டது.

இனி என்ன செய்யலாம் என்று வீட்டில் ஒரு மாதம் ஓடியது. ஐந்து வழிகள் பேச்சில் அடிபட்டன. ஒன்றைத் தவிர ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல்.

என் கணவர் முதல் வழிக்காரர். மென்பொருள் வேலை; எதைப் பார்த்தாலும் கேமராவும் வைஃபையும் வைக்கக் கை அரிக்கும். மீட்டருக்கு எதிரே ஒரு குட்டிக் கேமராவை ஒட்டினால் மாதா மாதம் அதுவே படமெடுத்து அனுப்பும், நாம் ரீடிங்கைக் கொடுத்துவிடலாம் என்றார். ஓடுகிற மீட்டராக இருந்தால் இந்த யோசனையின் எளிய வடிவம் எனக்குச் சம்மதம். அதாவது கேமரா வேண்டாம், மாதம் ஒரு தடவை குப்புறப் படுத்து ஃபோனில் படமெடுத்து அனுப்புவது. செலவு ஒன்றுமில்லை, படத்தில் தேதியும் பதிவாகும். மீட்டர் சரியாக ஓடி, மூலையில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்கள் இதற்கு மேல் எதையும் படிக்க வேண்டாம், இதையே செய்யுங்கள். ஆனால் மூடிய அலமாரிக்குள் கேஸ் இணைப்புக்குப் பக்கத்தில் வீட்டில் ஒட்டவைத்த மின்கருவியை வைக்க நான் விடமாட்டேன். நிறுவனமே மாட்டிவிடும் ரேடியோ அலகு என்றால் அது வேறு. பல மீட்டர்களில் கடைசி எண் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது, அலகு அதன் சுற்றுகளை எண்ணும். ஆனால் சக்கரமே சுற்றாத மீட்டரில் எண்ண என்ன இருக்கிறது?

இரண்டாவது, பழைய மீட்டரைக் கழற்றி அதே இடத்தில் புதியது மாட்டுவது. இந்த வழிக்கு முதலில் வக்கீலே இல்லை. மிகச் சாதாரணமான யோசனை, அதனால்தானோ என்னவோ. மீட்டர் நம் சொத்து இல்லை, கேஸ் தருபவருடையது. கெட்டால் அவர்கள்தான் மாற்ற வேண்டும். மீட்டருக்குப் பின்னால் அடுப்புவரை போகும் குழாய் நம்முடையது. இந்த எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். சந்தேகம் இருந்தால் மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். எனக்குச் சொன்ன விதி, மீட்டர் சரி என்று வந்தால் சோதனைக் கட்டணம் நமக்கு, பழுது என்று வந்தால் அவர்களுக்கு. ஒன்றிரண்டு விழுக்காடு கூடக்குறைய ஓடுகிறது என்ற சந்தேகத்துக்குச் சோதனை கேட்காதீர்கள், அந்த அளவு பிசகை விதியே அனுமதிக்கிறது. அசையாத எண்ணுக்கு ஆய்வகமே வேண்டாம், பாயசப் படங்கள் போதும்.

வந்து பார்த்த டெக்னீஷியன் நல்ல மனிதர். அலமாரியைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார், சிரித்தார். மீட்டர் மாற்ற அரை மணி நேரம் போதும், ஆனால் இரண்டு ஸ்பேனர் சுழல இடம் வேண்டும், அவருடைய இரண்டு கையும் உள்ளே போக வேண்டும். அதைவிட முக்கியமாக, காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் மீட்டர் இருக்கவே கூடாது. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. துளி கசிந்தாலும் மேலே ஏறி அலமாரியின் உச்சியில் சேரும். அங்கேதான் முன்னவர் அழகுக்காக விளக்கு வைத்திருக்கிறார், சுவிட்சோடு. இதைச் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. பில் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அன்று இரவே அந்த விளக்கின் மெயினை அணைத்தோம்.

இங்கே இடைமறித்து ஒன்று சொல்கிறேன். கேஸ் வாசனை அடித்தால் மேற்கண்ட எந்த ஒப்பீடும் கிடையாது. வால்வை மூடு, ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, வெளியே போய் அவசர எண்ணைக் கூப்பிடு. அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, மீட்டரையே வீட்டுக்கு வெளியே நகர்த்துவது. என் மனசு முதலில் இதில்தான் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவரில் ஒரு பெட்டி, தெருவிலிருந்தே ரீடிங் எடுக்கலாம், நாயும் வேண்டாம் மணியும் வேண்டாம். சுத்தமான தீர்வு. விலையைக் கேட்டதும் தெளிந்தேன். மீட்டரை நகர்த்துவது அவர்கள் வேலை, ஆனால் நாம் கேட்டு நகர்த்துவதால் செலவு நமக்கு. அங்கிருந்து சமையலறைவரை புதிய குழாய் நம் செலவு. வாசல் தளத்தை உடைக்க வேண்டும், திரும்பப் போட வேண்டும். பதிவு பெற்ற கேஸ் நிறுவுநர்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் புதிய சிஓசி சான்றிதழ் வாங்க வேண்டும். 2009-இன் அழுத்தக் கருவி விதிகள்படி வீட்டு கேஸ் அமைப்பில் மாற்றம் செய்தாலும் வீடு கைமாறினாலும் இந்தச் சான்றிதழ் கட்டாயம். வீடு வாங்கும்போது எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அந்த அலமாரியை வைத்துக்கொண்டு அது எப்படிக் கையெழுத்தானது என்று இப்போது யோசிக்கிறேன். மொத்த மதிப்பீடு, எங்கள் கேஸ் பில்லில் இரண்டு வருடத்துக்கு மேல்.

செலவுகூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விஷயங்கள் என்னைத் தடுத்தன. ஒன்று திருட்டு. இந்த ஊரில் தெருவோரம் இருக்கிற பித்தளையும் செம்பும் நிற்பதில்லை. தண்ணீர் மீட்டரைப் பித்தளைக்காகப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், காலையில் தெருவில் ஊற்று பீறிடும். தண்ணீர் பீறிட்டால் காலுறை நனையும், அவ்வளவுதான். கேஸ் அப்படியா? சுவருக்கு உட்புறம் வைத்தால் திருட்டு குறையும், ஆனால் ரீடிங் எடுப்பவர் மறுபடி மணியடிக்க வேண்டும். நகர்த்துவதன் பாதிப் பயன் போயிற்று.

இன்னொன்று, கேஸே எத்தனை வருடம் வரும் என்பது. மொசாம்பிக் வயல்கள் வற்றி வருகின்றன. வெளி வாடிக்கையாளர்களுக்கு அந்த கேஸை 2026 நடுவோடு நிறுத்துவதாக சாசோல் முதலில் சொன்னது, பிறகு 2027 நடுவுக்குத் தள்ளியது. அதற்குப் பின் ஒரு வருடத்துக்கு செகுண்டா ஆலையிலிருந்து மீத்தேன் மிகுந்த வாயு தருவதாகப் பேச்சு. கப்பலில் திரவ வாயு இறக்குமதி செய்வது பற்றியும் பேசுகிறார்கள். கேஸ் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குழாய்கள் நிலக்கரி வாயுவையும் பார்த்தவை, மொசாம்பிக்கையும் பார்த்தவை, இன்னொன்றையும் பார்க்கலாம். ஆனால் வரப்போவது மலிவாக இருக்கும் என்று யாரும் சொல்லக் கேட்கவில்லை. அப்படியிருக்க, வாசலை உடைத்துக் குழாய் போட்டு அந்தக் காசை எந்த வருடத்தில் திரும்ப எடுப்பது? தனி வீட்டில் கேஸ் கீசரும் ஹீட்டரும் ஓட்டுபவர், எப்படியும் வாசல் தளத்தைப் பெயர்க்கப் போகிறவர் என்றால் கணக்கு மாறலாம். அடுப்பு மட்டும் உள்ள எனக்கு மாறவில்லை.

நான்காவது வழியின் வக்கீல் பக்கத்து வீட்டு ஆயா. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். டர்பனில் பிறந்தவர், பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். ஆயாவின் தமிழ் சமையலறையிலும் மெல்ரோஸ் கோவில் காவடியிலும் நிற்கும், மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் இதில் தமிழிலேயே தீர்ப்பு சொன்னார்: “மீட்டரை வெட்டி விடு கண்ணு. சிலிண்டர் வை. காசு குடுத்தியா, எடுத்தியா, முடிஞ்சுது.”

ஆயா வீட்டில் பின்வாசலில் 48 கிலோ சிலிண்டர் இரண்டு, கூண்டுக்குள் நிற்கின்றன. ஒன்று தீர்ந்தால் மற்றதுக்கு மாற்ற ஒரு வால்வு. மதிப்பீடும் இல்லை, மாத நிலைக்கட்டணமும் இல்லை. விலை கிலோவுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று அரசு மாதா மாதம் நிர்ணயிக்கிறது, பெட்ரோல் மாதிரி முதல் புதன்கிழமை மாறும். கடற்கரையைவிட உள்நாட்டில் எங்களுக்கு விலை கூடுதல்.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஒரு கிகாஜூல் என்பது 278 யூனிட் கரண்டுக்குச் சமம், சிலிண்டர் கேஸில் ஏறத்தாழ 20 கிலோ. அதாவது 9 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்று மேல். உங்கள் குழாய் கேஸின் ஒரு கிகாஜூல் விலையை 20-ஆல் வகுத்து, அந்த மாதச் சிலிண்டர் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். நிலைக்கட்டணத்தை மறக்காதீர்கள். குறைவாக எரிப்பவருக்கு அதுதான் பில்லின் பெரும்பகுதி. எங்கள் சமையலை நான் பர்னர் நேரத்தை வைத்துக் கணக்கிட்டேன்: ஒரு நாளைக்குப் பெரிய பர்னர் ஒன்றரை மணி நேரம் எரிந்ததற்குச் சமம், மாதத்துக்கு அரை கிகாஜூல். சிலிண்டராக இருந்தால் 10 கிலோ. 48 கிலோ சிலிண்டர் நாலரை மாதத்துக்கு மேல் ஓடும். நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நின்றன, எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்றேன்? இடம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடம் தேடி ஓடும். அதனால் கதவு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், சாக்கடை வாயிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஆயா வீட்டுக் கொல்லை அகலம். எங்கள் சமையலறைப் பக்கம் இருப்பது ஒரு சந்து, நடுவில் சாக்கடை வாய், ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் அடுத்த வீட்டுச் சுவர். டேப்பை வைத்து அளந்து பார்த்தேன், எங்கே நிறுத்தினாலும் ஒன்று உதைத்தது. வீட்டுக்குள் பெரிய சிலிண்டர் வைக்க அனுமதி இல்லை. அடுப்பின் ஜெட்களையும், அதாவது பர்னருக்கு கேஸ் விடும் சின்னத் துளைகளையும், மாற்ற வேண்டும். குழாய் கேஸுக்கான ஜெட்டில் சிலிண்டர் கேஸ் விட்டால் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரிந்து பாத்திரமெல்லாம் கரி. 2022 டிசம்பரில் பாக்ஸ்பர்கில் பாலத்துக்கடியில் மாட்டிய கேஸ் டேங்கர் வெடித்ததிலிருந்து என் மாமியாருக்கு அந்த கேஸ் என்றாலே பயம். டேங்கர் வேறு, வீட்டுச் சிலிண்டர் வேறு என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. மதுரையில் நாற்பது வருடம் சிலிண்டரில்தான் சமைத்தார் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். “அது அந்த ஊர்” என்றார்.

ஐந்தாவது, கேஸையே விட்டுவிட்டு இண்டக்‌ஷன். இதன் வக்கீல் என் மகள். பள்ளியில் பருவநிலை பற்றிப் படித்துவிட்டு வந்தவள். அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கேஸ் தீயின் சூட்டில் பாதிக்கும் குறைவுதான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி சமையலறைக்கு. இண்டக்‌ஷனில் ஐந்தில் நான்கு பங்கு போகும். எனவே அடுப்பில் ஒரு கிகாஜூல் கேஸ் செய்யும் வேலையை 140 யூனிட் அளவு கரண்ட் செய்துவிடும். என் அரை கிகாஜூலுக்கு 70 யூனிட். இதோடு இன்னொன்று: ஜோபர்க்கில் ப்ரீபெய்ட் மின் மீட்டர் வீடுகளுக்கும் 2024 ஜூலையிலிருந்து மாத நிலைக்கட்டணம் உண்டு; தொடங்கியபோது 200 ரேண்ட், வாட் சேர்த்தால் 230. கரண்டுக்கு அதை எப்படியும் கட்டத்தான் போகிறோம். கேஸை விட்டால் இரண்டு நிலைக்கட்டணத்தில் ஒன்று மிச்சம். வெறும் கணக்காகப் பார்த்தால் இண்டக்‌ஷன்தான் ஜெயித்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் 2022, 2023-இன் லோட் ஷெட்டிங்கை இந்த வீட்டில் நான் சமைத்துக் கடந்தவள். ஒரு நாளில் மூன்று தடவை கரண்ட் போன காலத்தில் தெருவில் எங்கள் வீட்டில்தான் டீ கிடைக்கும். ஆயா தவிர மற்ற எல்லோரும் பிளாஸ்க்கோடு வந்திருக்கிறார்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது, உண்மை. ஆனாலும் எங்கள் தெருவில் கேபிள் திருட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறாலும் போகிற கரண்டுக்கு எந்த அட்டவணையும் இல்லை. இண்டக்‌ஷனை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் பெரியதாக வேண்டும், அது தனிச் செலவு. சுட்ட அப்பளம், தீயில் வாட்டும் கத்தரிக்காய், குழிந்த இரும்புச் சட்டி இதெல்லாம் கண்ணாடிப் பலகையில் நடக்காது. தட்டையான இரும்புத் தோசைக்கல் நன்றாகவே ஓடும், ஓரம் மட்டும் முறுக மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒற்றை இண்டக்‌ஷன் தட்டு ஒன்று வாங்கி வைத்தோம். மகளுக்கும் எனக்கும் நடுவே சமாதான உடன்படிக்கை. காலை டீயும் பாலும் இப்போது அதில்தான்.

ஆக, வக்கீலே இல்லாத இரண்டாவது வழிக்கு வந்து சேர்ந்தேன். அதே இடத்தில் புதிய மீட்டர். ஆனால் இடத்தை மாற்றாமல் அலமாரியை மாற்றுவது. மீட்டர் போய் ஒளிந்துகொள்ளவில்லை, அலமாரிதான் அதன் முன்னால் வந்து நின்றது. ஃபோர்ட்ஸ்பர்கிலிருந்து வந்த தச்சர் கீழ் இரண்டு தட்டுகளையும் பின்பலகையையும் அறுத்தெடுத்தார். அங்கே கீலோடு ஒரு தனிக் கதவு, அதற்கு மேலும் கீழும் சல்லடை வைத்த காற்றோட்டத் துளைகள். மேலே விளக்கையும் சுவிட்சையும் எலெக்ட்ரீஷியன் கழற்றினார். தச்சர் கூலி, சுற்றுச்சுவர்த் திட்டத்தின் மதிப்பீட்டில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை. அதன்பின் டெக்னீஷியன் வந்து சொன்னபடி அரை மணியில் மீட்டரை மாற்றி, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் காட்டி, அழுத்தம் சோதித்து, முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

மாற்றும் நாளுக்கு மூன்று குறிப்பு. பழைய மீட்டர் வீட்டை விட்டுப் போகும் முன் அதன் வரிசை எண்ணையும் கடைசி எண்ணையும் படமெடுங்கள். அதுதான் நின்றுபோனதற்குச் சாட்சி. புதியதன் தொடக்க எண்ணையும் எடுங்கள். டெக்னீஷியன் எழுதும் தாளில் “ஓடவில்லை” என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் முதலில் “மாற்றப்பட்டது” என்று மட்டும் இருந்தது. கேட்டதும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

பழைய பில்களின் கதை தனி. புதிய மீட்டரில் மூன்று மாத ரீடிங் வந்ததும் அந்தச் சராசரியை வைத்துப் பழையதைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் வாங்கிவிட்டேன். ஆனால் 1969-இன் காலாவதிச் சட்டம்படி இந்த மாதிரிக் கடனுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் ஆயுள். பாக்கி இருப்பது தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மீட்டர் மெதுவாக ஓடிப் பில் குறைவாக வந்த வீடுகளுக்கு இது கேடயம். பத்து வருடப் பாக்கி என்று மொத்தமாகக் கேட்டால் நீட்டிக் காட்டலாம். எனக்கு மறுபக்கம் வெட்டுகிறது. மாதா மாதம் பில்லிலேயே அந்தச் சின்ன எழுத்து இருந்ததே, கணக்காளர் ஒருத்திக்குத் தெரியாதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? முதல் இரண்டு வருடத்துப் பணத்தை மறந்துவிட்டேன். பேசி முடியவில்லையென்றால் எரிசக்தி ஒழுங்காற்று ஆணையமான நெர்சாவிடம் புகார் தரலாம். அதற்குத் தேவை வராது என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் 0.52 கிகாஜூல். இரண்டாவது மாதம் மாமியார் வந்திருந்தார், முறுக்கு சுட்டோம், 0.71. மூன்றாவது ரீடிங் வரும் செவ்வாய்க்கிழமை. துவரம்பருப்பு டப்பா இப்போது மேல் தட்டில் இருக்கிறது, எனக்கு எட்டுவதில்லை.